கோட்டுக்கு வெளியேதான் தேர்வு நடக்கிறது

“விளையாட்டில் சாதி கிடையாது. திறமை இருந்தால் போதும்.” இந்த வாக்கியத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன். 2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ வெளிவந்தபோது தமிழ்நாடு முழுக்க அந்த வாக்கியம் மறுபடியும் கிளம்பியது. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய படம் அது. “கபடிக்குள் எதற்குச் சாதியை இழுக்கிறார்?” என்று டீக்கடையிலும் பேருந்திலும் கேட்டார்கள். கேட்டவர்களில் சாதி வெறியர்கள் கொஞ்சம் பேர்தான். மிச்சப் பேர் சொந்தக் காசில் பையன்களுக்குப் பந்து வாங்கித் தருகிறவர்கள், விடிகாலையில் மைதானத்துக்கு வந்து விசில் ஊதுகிறவர்கள். நல்லவர்கள் நம்பிச் சொல்வதால்தான் அந்த வாக்கியத்துக்கு இவ்வளவு பலம்.

அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் யாருடைய அப்பாவையும் விசாரிப்பதில்லை. வேறெங்கும் ஒரே பந்தியில் உட்காராதவர்கள் கபடியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினத்தில் கரையோடு கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில், கோட்டைப்பட்டினம் முதல் கட்டுமாவடி வரை இளவட்டங்கள் மைதானத்தில்தான் இருக்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் ஒரே பந்தின் பின்னால் ஓடுவதை யாரும் பார்க்கலாம். தானாக ஒட்டி வருகிற இடத்தில் சாதியைப் பேசினால் ஆறுகிற புண்ணைக் கிளறியது போலாகும். பேசாமல் விட்டால் ஒரு தலைமுறையில் காணாமல் போகும். இதுதான் அவர்கள் வாதம்.

இதில் கண்ணால் கண்ட பகுதி உண்மை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் தவறு.

1. “கோட்டுக்குள் சாதி இல்லை.”

கோட்டுக்குள் யார் வருவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 2019 ஜூலை கடைசியில் பள்ளிக்கல்வி இயக்குநரிடமிருந்து மாவட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கொடுத்த தகவலின்பேரில் எழுதப்பட்டது. சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் பிரித்துக் கையில் கயிறு கட்டித் தங்கள் சாதியைக் காட்டுகிறார்கள் என்றது அது. அந்தக் கயிறு எதற்கெல்லாம் பயன்படுவதாகத் தெரிகிறது என்றும் சொன்னது. விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பது அதில் ஒன்று. வகுப்பிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் தங்களுக்குள் கூடிக்கொள்வது இன்னொன்று. சினிமாக்காரர் கற்பனையாக எழுதிய வசனம் இல்லை இது. அரசின் கோப்பில் ஏறிய வரி. சுற்றறிக்கைக்கு எதிர்ப்புக் கிளம்பியது, கயிறு அப்படியே இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அதே கயிற்றைத் தடைசெய்யச் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளியை விடுங்கள், ஊருக்கு வருவோம். 2024இல் அரசு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம், நானும் வரவேற்றேன். ஆனால் பெட்டி ஊராட்சிக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. சாவி யாரிடம்? மட்டையும் வலையும் எந்தத் தெருவில் இருக்கின்றன? காலனிப் பையன் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களா, “நாளைக்கு வா” என்பார்களா? ஊரின் பெரிய திடல் கோயில் நிலமாகவோ ஒரு தெருவின் பொது நிலமாகவோ இருக்கும் இடங்களில், எந்த அணி எத்தனை மணிக்கு ஆடலாம் என்பதை அந்த உரிமைதான் தீர்மானிக்கிறது. “ஊர் அணி” என்று மைக்கில் அறிவிக்கப்படும் அணி பல இடங்களில் ஒரே தெருவின் அணி. தெருக்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோட்டுக்குள் எல்லாரும் சமம் என்பது சரி. அந்தக் கோட்டை யார் திடலில் போட்டீர்கள் என்பதே என் கேள்வி.

2. “சாதித்துக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.”

சாதித்தவர்களின் கதையை இவர்கள் முழுதாகப் படித்ததே இல்லை. பல்வாங்கர் பாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புத் தொழில் சார்ந்த தலித் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பின் மைதானத்தைப் பராமரிக்கவும் வலை கட்டவும் வேலைக்குச் சேர்ந்து, துரைகளுக்குப் பந்து போட்டே இந்தியாவின் முதல் பெரிய சுழல் பந்து வீச்சாளராக ஆனார். ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்பதற்காக இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள், சாப்பாடும் தனி. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணியில் அவர் 114 விக்கெட் எடுத்தார். இதற்கு மேல் என்ன சாதித்துக் காட்டுவது? இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கியபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகே பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் தலைவரானார். பதவியைத் தந்தது 114 விக்கெட் இல்லை, தம்பிகளின் வெளியேற்றம்.

பழைய கதை என்பீர்கள். நம் மாவட்டத்துக் கதை சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், தலித் குடும்பம். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலைப் பற்றிய மருத்துவச் செய்தி உலகமெங்கும் தொலைக்காட்சியில் ஓடியது. அன்றைய முதல்வர் கருணாநிதி பதக்கத்துக்கான 15 லட்சம் ரூபாயைப் பிறகும் கொடுத்தார், அது பெருந்தன்மை. விளையாட்டு அமைப்புகளோ கைகழுவின.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: பரிசோதனை பாலினத்தைப் பற்றியது, அதில் சாதி எங்கே வந்தது? பரிசோதனையில் வரவில்லை என்றே நானும் சொல்கிறேன். அதற்கு அடுத்த நாளைப் பாருங்கள். 2009இல் தென்னாப்பிரிக்க ஓட்டக்காரர் காஸ்டர் செமன்யாவுக்கு இதே சிக்கல் வந்தபோது அந்த நாடே அவர் பின்னால் நின்றது. அவருடைய உலகப் பதக்கம் அவரிடமே இருந்தது. 2014இல் ஒடிசாவின் ஓட்டக்காரர் டூட்டி சந்த் இதே சிக்கலில் தடுத்து நிறுத்தப்பட்டபோது வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் துணைக்கு வந்தார்கள், விளையாட்டு ஆணையமும் உதவியது. 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அவரைத் தடுத்த விதியையே நிறுத்தி வைத்தது. சாந்திக்காக 2006இல் எந்த மன்றத்திலும் யாரும் வாதாடவில்லை. இடையில் அவர் சூளைக்கே கூலி வேலைக்குத் திரும்பினார். நிரந்தரப் பயிற்சியாளர் பணி 2016இல்தான் வந்தது. காலம் மாறியதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆபத்து வரும்போது தொலைபேசியில் கூப்பிட ஆள் இருப்பது, விதிப்புத்தகத்தை வாசித்துச் சொல்ல ஒருவர் இருப்பது, அதிகாரியின் அறைக்குள் கூச்சமின்றி நுழைவது ஆகியவை இந்நாட்டில் சாதியோடு சேர்ந்து வரும் சொத்து. அது இல்லாதவர் வெள்ளி வென்றாலும் தனியாகத்தான் நிற்கிறார்.

சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கினார். மகிழ்ச்சி. ஆனால் அவரைக் காட்டி “பார், தடையே இல்லை” என்பது, பாலத்தின் உடைந்த பகுதியைத் தாண்டிக் குதித்தவரைக் காட்டிப் பாலம் நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்குச் சமம்.

3. “பேசினால்தான் வளரும்.”

பேசாதவர்களுக்கு என்ன நடந்தது? வந்தனா கட்டாரியா சாதியைப் பற்றிப் பேசியவர் அல்லர், ஹாக்கி ஆடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். 2021 ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்று ஹரித்வாரை அடுத்த ரோஷ்னாபாதில் அவர் வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றோம் என்று கத்தினார்கள். வென்றால் இந்தியாவின் மகள், தோற்றால் சாதி.

வென்றாலும் ஆபத்துதான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு 11ஆம் வகுப்பு மாணவரைத் தேர்வுக்குப் போகும் வழியில் பேருந்தை மறித்து வெட்டினார்கள்; விரல்கள் துண்டாயின. அவர் தலித் மாணவர், கபடி ஆட்டக்காரர். கபடியில் அவருடைய அணி ஜெயித்ததுதான் கோபத்துக்குக் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வேறு காரணமும் பேசப்பட்டது. எது முடிவாக இருந்தாலும், “கபடியில் ஜெயித்ததற்காக வெட்டியிருப்பார்கள்” என்று ஒரு தகப்பன் சொன்னபோது அதைக் கேட்டு யாரும் திகைக்கவில்லை, நம்ப முடியாது என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமான சான்று.

மௌனம் புண்ணை ஆற்றும் என்றால் நூறு வருட மௌனம் இதற்குள் ஆற்றியிருக்க வேண்டும். மௌனத்தால் லாபம் அடைகிறவர் ஒருவர் உண்டு: அணியை இன்று கையில் வைத்திருப்பவர். அவரை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

4. “விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவராதே.”

இந்த வாக்கியம் நம்மூரில் பிறந்ததில்லை. நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு ஆடத் துடித்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். அப்போது இந்தியா என்ன பதில் சொன்னது? 1974இல் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும், சென்னையின் இரண்டு அண்ணன் தம்பிகள், ஆஸ்திரேலியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் வென்ற இந்திய டென்னிஸ் அணியில் முன்னணியில் நின்றார்கள். டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி. எதிரே தென்னாப்பிரிக்கா. கறுப்பர்களைச் சமமாக நடத்தாத நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா அதற்கு முன்னும் வென்றதில்லை, அதற்குப் பின் 1987இல் இறுதிக்குப் போயும் வெல்லவில்லை. கைக்கு எட்டிய கோப்பையை, கடல் கடந்த ஒரு நாட்டின் கறுப்பர்களுக்காக விட்டுக்கொடுத்தோம். இந்திய விளையாட்டு வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் தோல்வி இது.

அந்த நாட்டுக்காரன் “விளையாட்டில் அரசியல் வேண்டாம்” என்றபோது அது அநியாயத்துக்குப் போர்வை என்று நமக்குத் தெரிந்தது. 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியைச் சேர்க்கக் கேட்டபோது அதே இந்தியா எதிர்த்தது: அது எங்கள் உள்வீட்டு விஷயம் என்றது. தென்னாப்பிரிக்க அரசும் ஐ.நா.வில் நிறவெறியை உள்நாட்டு விஷயம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

5. “இனவெறி வெள்ளைக்காரன் நோய்.”

2021 ஜனவரியில் சிட்னியில் கூட்டத்திலிருந்து இந்தியப் பந்து வீச்சாளர் சிராஜைத் திட்டினார்கள், நாடே கொதித்தது. சரியான கோபம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சாமி, ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது உடன் ஆடியவர்களே தன்னைக் கறுப்பன் என்ற பொருள்படும் சொல்லால் கூப்பிட்டார்கள் என்று சொன்னபோது எத்தனை பேர் கொதித்தார்கள்? சென்னைக்காரர் அபினவ் முகுந்த் 2017இல் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டிருந்த நேரத்திலேயே, சிறுவயது முதல் தன் நிறத்தை வைத்து நடந்த கேலியை வெளியே சொன்னார். முன்னாள் இந்தியச் சுழல் பந்து வீச்சாளர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் 2021இல், சொந்த நாட்டிலேயே நிறத்துக்காக அவமானப்பட்டதாகச் சொன்னார். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வளரும் எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது செய்தியே இல்லை. உள்நாட்டுப் போட்டிக்குப் போனால் முதலில் விழும் பட்டப்பெயர் நிறத்தை வைத்துத்தான்.

6. “ஒதுக்கீடு வந்தால் தரம் போய்விடும்.”

தென்னாப்பிரிக்காவைக் கேளுங்கள். 2016 முதல் அந்த நாட்டின் கிரிக்கெட் வாரியம், ஒரு பருவத்தின் சராசரியாக அணியில் வெள்ளையர் அல்லாதவர் ஆறு பேர், அவர்களில் கறுப்பு ஆப்பிரிக்கர் இருவர் என்று இலக்கு வைத்தது. சிக்கல் வராமல் இல்லை. கெவின் பீட்டர்சன் ஒதுக்கீட்டைக் காரணம் காட்டி அதற்கு முன்பே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 2015 உலகக் கோப்பை அரையிறுதிக்கு நன்றாக வீசிக்கொண்டிருந்த வெள்ளையரான கைல் அபாட்டை உட்கார வைத்து, வெள்ளையர் அல்லாத பிலாண்டரை இறக்கியதில் எழுந்த கசப்பு இன்னும் அடங்கவில்லை. இந்தக் குறைகளை மறைக்க மாட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று? ரக்பியில், கறுப்பரான சியா கொலிசி தலைமையில் 2019, 2023 உலகக் கோப்பைகள். கிரிக்கெட்டில், 2025 ஜூன் 14 அன்று லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று டெஸ்ட் உலகப் பட்டம். தலைவர் டெம்பா பவுமா. “ஒதுக்கீட்டு ஆள்” என்று பல ஆண்டுகள் ஏளனம் செய்யப்பட்டவர் அவர்.

நம் தரத்தின் கணக்கையும் பார்ப்போம். 1932 முதல் 2018 வரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய சுமார் 290 ஆண்களில் தலித்துகள் நால்வர் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர். இந்த இடைவெளியைத் திறமை என்று சொல்கிறவர், ஒரு சமூகம் முழுவதற்கும் பிறவியிலேயே கை வராது என்று சொல்கிறார். அதைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை என்றால், வாசலில் ஏதோ அடைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளட்டும். இங்கிலாந்தில் ஆட்டக்காரர் அசீம் ரஃபீக் யார்க்‌ஷயர் அணியின் இனவெறியை வெளியே சொன்ன பிறகு, அந்த நாட்டுக் கிரிக்கெட்டை ஒரு தனி ஆணையம் 2023இல் அலசி அறிக்கை வைத்தது. நம் வாரியங்கள் எதுவும் தங்கள் அணிகளைப் பற்றி அப்படி ஒரு கணக்கை எடுத்ததில்லை.

என் நிலை இதுதான். ஆடும் பதினொருவரிலும் ஏழு பேரிலும் ஒதுக்கீடு கேட்க நான் வரவில்லை. அது இன்னும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆள் எடுக்கும் குழுவில், போட்டி நடத்தும் கமிட்டியில், திடலை ஒதுக்கும் இடத்தில், உபகரணச் சாவி வைத்திருக்கும் கையில் எல்லாத் தெருவுக்கும் பங்கு வேண்டும் என்கிறேன். அங்கே தரம் கெடும் என்று யாரும் சொல்ல முடியாது. சாவி பிடிக்கத் தனித் திறமை தேவையில்லை.

ஆகவே, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடிப் போட்டிக் கமிட்டிகளுக்கு. கமிட்டியில் காலனியிலிருந்தும் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் மீனவர் தெருவிலிருந்தும் ஆள் இருக்கட்டும்; பரிமாறும் வேலைக்கும் பந்தல் போடவும் மட்டும் கூப்பிடாமல், கையெழுத்துப் போடும் இடத்தில் வையுங்கள். ஊர் அணிக்கு ஆள் எடுப்பதை நாள் குறித்து, அறிவித்து, எல்லாரும் பார்க்கத் திடலில் நடத்துங்கள். உபகரணப் பெட்டி எங்கே இருக்கிறது, யார் எப்போது எடுக்கலாம் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுங்கள். சாதியையோ மதத்தையோ நிறத்தையோ சொல்லித் திட்டுகிற ஆட்டக்காரரை அந்த ஆட்டத்திலேயே வெளியேற்றுங்கள். அணி அவரோடு சேர்ந்து கத்தினால் அணியை வெளியேற்றுங்கள். பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில் பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயர் சொல்லி வைவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். திடல் அப்படிப்பட்ட இடம்தான். மைக் பிடிப்பவர் இதைப் போட்டி தொடங்கும் முன் ஒருமுறை வாசித்தால் போதும்.

படகுகள் ஏப்ரல் 15 அன்று கரையேறும். பங்குனியில் கமிட்டி கூடும்போது, பரிசுத் தொகையைப் பேசுவதற்கு முன் இதைப் பேசி முடிவெடுங்கள்.